கோடு வளைந்தால் முதலில் அச்சைப் பாருங்கள்

பத்தாம் வகுப்பு கணக்குத் தேர்வில் எட்டு மதிப்பெண் கேள்விகள் இரண்டு. ஒன்று வடிவியல், மற்றொன்று வரைபடம். இரண்டும் சேர்ந்தால் 100-க்கு 16. தேர்ச்சி பெற 35 போதும் என்னும்போது, இந்த 16 கிட்டத்தட்ட அதில் பாதி. அதனால்தான் தர்மபுரி பக்கத்துப் பள்ளிகளில் தேர்வு நெருங்கும் மாதங்களில் மாலை வகுப்பு முழுக்க கிராஃப் ஷீட்டாகவே ஓடுகிறது. "போட்டுப் போட்டுப் பழகு" என்று நாங்களும் சொல்கிறோம், வீட்டிலும் சொல்கிறார்கள். பிள்ளைகளும் பழகுகிறார்கள். தப்பையும் சேர்த்தே பழகிவிடுகிறார்கள்.

நான் திருத்தும் தாள்களில் அடிக்கடி கண்ணில் படும் தவறு கூட்டல் கழித்தலில் வருவதில்லை, அச்சில் வருகிறது. ஒய் = 3எக்ஸ் என்ற சமன்பாடு. எக்ஸ் மதிப்புகள் 2, 4, 5, 10; ஒய் மதிப்புகள் 6, 12, 15, 30. அட்டவணை சுத்தமாக இருக்கும். அப்புறம் எக்ஸ் அச்சில் அந்த நான்கு எண்களையும் சென்டிமீட்டருக்கு ஒன்றாக வரிசையாக எழுதியிருப்பார்கள். 2-க்கும் 4-க்கும் ஒரு கட்டம், 4-க்கும் 5-க்கும் ஒரு கட்டம், 5-க்கும் 10-க்கும் அதே ஒரு கட்டம். ஒய் அச்சில் மட்டும் சரியாக ஐந்து ஐந்தாகப் போயிருக்கும். நேராக வரவேண்டிய கோடு இப்போது நெளிந்து நிற்கிறது.

இங்கேதான் கெட்டிக்காரப் பிள்ளைகளும் ஏமாறுகிறார்கள். புள்ளி வரிசையில் வரவில்லை என்றதும் சிலர் ஸ்கேலை நடுவில் வைத்து ஒரு கோட்டை இழுத்துவிடுவார்கள். சிலர் கையால் வளைத்துச் சேர்ப்பார்கள். அச்சைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றுவதில்லை. அச்சு என்பது வெறும் ஓரக்கோடு, எண்களை எழுதி வைக்கும் இடம் என்று மனதில் பதிந்துபோயிருக்கிறது. உண்மையில் அது ஒரு அளவுகோல். அதில் 1 செ.மீ என்பது தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே அளவைத்தான் குறிக்க வேண்டும். மேல் ஓரத்தில் நாம் எழுதும் அளவுத்திட்டம் அந்த வாக்குறுதிதான். பலர் அதை மதிப்பெண்ணுக்காக எழுதிவிட்டு, கீழே அதற்கு நேர்மாறாக எண்களைப் போட்டிருப்பார்கள்.

இது தேர்வோடு போகிற விஷயமும் இல்லை. ஓசூர் பக்கத்து மனை விற்பனை நோட்டீஸ் ஒன்றைப் பெற்றோர் ஒருவர் காட்டினார். அதில் ஆண்டு வாரியாக விலை ஏறும் கோடு. அதன் சூட்சுமத்தை வேறு எண்களில் சொல்கிறேன். சதுர அடி 2019-இல் 1000 ரூபாய், 2020-இல் 1100, 2021-இல் 1200, 2025-இல் 1600 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 100 ரூபாய்தான் ஏற்றம், ஒரே சீராக. ஆனால் நான்கு ஆண்டுகளையும் சம இடைவெளியில் அச்சடித்தால், கடைசித் துண்டு முந்தையவற்றைவிட நான்கு மடங்கு செங்குத்தாக எழும்பி நிற்கும். "இப்பத்தான் சார் ஏற ஆரம்பிச்சிருக்கு" என்று சொல்ல வசதியான படம். பத்தாம் வகுப்புப் பிள்ளை தெரியாமல் செய்வதுதான் இதுவும். தெரியாமல் செய்தார்களா, தெரிந்தேவா என்று நோட்டீஸ் அடித்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சாய்வு விஷயத்திலும் கண்ணை அப்படியே நம்பக் கூடாது. தொப்பூர் கணவாயை வரைபடமாகப் போடுங்கள்: கிடை அச்சில் தூரம் கிலோமீட்டரில், குத்து அச்சில் உயரம் மீட்டரில். சாலை சுவர் மாதிரி எழுந்து நிற்கும். சுவரில் லாரி ஓடாது. இரண்டு அச்சுக்கும் வேறு வேறு அளவு எடுத்ததால் வந்த தோற்றம் அது. சாய்வை அறிய ஒய் எவ்வளவு மாறியது, எக்ஸ் எவ்வளவு மாறியது என்று அச்சில் உள்ள எண்களைப் படித்து வகுக்க வேண்டும். கட்டங்களை எண்ணி வகுத்தால், இரண்டு அச்சிலும் ஒரே அளவு இருந்தால் மட்டுமே விடை சரியாக வரும்.

அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்துப் பிள்ளைகளுக்கு நேர் மாறுபாட்டை, அதாவது ஒன்று எத்தனை மடங்கானால் மற்றதும் அத்தனை மடங்காகும் என்பதை, மரவள்ளிக் கிழங்கை வைத்துச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். கிழங்குக்கு விலை பேசுவது மாவுச்சத்து பாயிண்ட் (கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்ற அளவு) பார்த்துத்தானே. டன்னுக்கு, ஒரு பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20 பாயிண்ட் கிழங்கு 6000, 25 பாயிண்ட் 7500, 30 பாயிண்ட் 9000. கோடு ஆதிப்புள்ளி (0, 0) வழியே போகும், சாய்வு 300. இனி வெட்டுக்கூலி, வண்டி வாடகை என்று டன்னுக்கு 1000 ரூபாய் கழியுங்கள். 5000, 6500, 8000. சாய்வு மாறவில்லை, கோடு மட்டும் இணையாகக் கீழே இறங்கிவிட்டது. இதைச் சொன்ன பிறகு ஒய் வெட்டுத்துண்டு (கோடு ஒய் அச்சை வெட்டும் இடம்) என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. பாயிண்ட் குறைந்தால் கையில் நிற்பது எவ்வளவு என்று அவர்களே கோட்டைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

நேர்க்கோடு வரைய இரண்டு புள்ளி போதும் என்பது சரி. வரைந்தது சரியா என்று தெரிய மூன்றாவது வேண்டும். ஒய் = −2எக்ஸ் + 1 என்பதில் எக்ஸ் = −3 எனப் போட்டால் ஒய் = 7. குறியைத் தவறவிட்டு −5 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. (0, 1), (2, −3) இரண்டோடும் (−3, −5) ஒரே கோட்டில் வராது, தப்பு அங்கேயே தெரிந்துவிடும். இரண்டே புள்ளியில், அதில் ஒன்று தப்பாக இருந்தாலும் ஸ்கேல் அழகான நேர்க்கோட்டைத்தான் கொடுக்கும்.

எக்ஸ் = 3 படுக்கைக் கோடா, நிற்கும் கோடா என்ற குழப்பம் ஒன்றும் உண்டு. எக்ஸ் 3 ஆக உள்ள புள்ளிகளை, (3, 0), (3, 2), (3, −4) என்று குறிக்கச் சொன்னால் போதும், நிற்கும் கோடுதான் என்று தானே தெரியும்.

பத்தாம் வகுப்பில் இருபடி வரைபடம்தானே வருகிறது, நேர்க்கோடு ஒன்பதாம் வகுப்போடு முடிந்தது என்று நினைக்கும் மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒய் = எக்ஸ்² − 2எக்ஸ் − 3 வரைந்து, அதைக் கொண்டு எக்ஸ்² − 4எக்ஸ் + 4 = 0 என்பதைத் தீர்க்கச் சொல்வார்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ஒய் = 2எக்ஸ் − 7 என்ற நேர்க்கோடு கிடைக்கும். அது பரவளையத்தை, அதாவது முதலில் வரைந்த வளைவரையை, (2, −3) என்ற ஒரே புள்ளியில் தொட வேண்டும். ஸ்கேல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் இரண்டு இடத்தில் வெட்டும், இல்லையென்றால் தொடாமலே போகும். அப்போது வளைவரையை அழித்துத் திருத்தப் போகாதீர்கள், கோட்டின் அட்டவணையை ஒருமுறை பாருங்கள்.

இன்னொன்று. பரவளையத்தின் அட்டவணையில் எக்ஸ் −2 முதல் 4 வரை எடுத்தால் ஒய்யின் மிகச் சிறிய மதிப்பு −4தான். அதைப் பார்த்து அச்சை −5-உடன் நிறுத்திவிடுவார்கள். கோட்டுக்கு வேண்டிய (0, −7) தாளில் இடமில்லாமல் போகும். எனவே வளைவரை, கோடு இரண்டுக்கும் அட்டவணை போட்டு முடித்த பிறகே ஆதிப்புள்ளியை எங்கே வைப்பது, அளவுத்திட்டம் என்ன என்று முடிவு செய்யுங்கள்.