ஸ்கேன் நார்மல் என்றால் மாத்திரையை நிறுத்தலாமா?

தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர் தலைசுற்றலுக்காக மூளை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கடலூரிலிருந்து பாண்டிக்கு வந்திருந்தார். ரிப்போர்ட்டில் கோளாறு எதுவும் இல்லை. "அப்போ நரம்பெல்லாம் நல்லா ஓடுதுங்களா டாக்டர்?" என்றார். நம் பக்கம் ரத்தக்குழாயையும் நரம்பு என்றுதான் சொல்வார்கள். அவசரத்தில் தலையாட்டிவிட்டேன். மூன்று மாதம் கழித்து பி.பி. எகிறிப்போய் வந்து நின்றார். ஸ்கேன்தான் நார்மலாச்சே என்று மாத்திரையை விட்டுவிட்டாராம். நான் தலையாட்டியிருக்கக் கூடாது.

அவர் கேட்டது ஓட்டத்தை. நாங்கள் வழக்கமாக எடுப்பதோ அசையாத படம். அடைப்பு விட்ட தழும்பு, ரத்தக்கசிவு, கட்டி எல்லாம் அதில் தெரியும். குழாய்ச் சுவர் எப்படிச் சுருங்கி விரிகிறது என்பது தெரியாது.

மூளையின் சிறு தமனிகளுக்கு இதயத்துடிப்பு தவிர சொந்தமாகவும் ஒரு தாளம் உண்டு. சுவரிலுள்ள தசை சுமார் 10 வினாடிக்கு ஒருமுறை தானாகவே சுருங்கி விரியும். ஆக்சிஜன் உள்ள ரத்தமும் அதை இழந்த ரத்தமும் காந்தப்புலத்தில் வேறுவேறு விதமாக நடந்துகொள்ளும். அந்த வித்தியாசத்தை எம்.ஆர்.ஐ. படத்தில் பிடிக்கலாம் என்று 1990-ல் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா காட்டினார். ஊசிமருந்து வேண்டாம். ஒன்றிரண்டு வினாடிக்கு ஒரு படமாகச் சில நிமிடம் எடுத்தால், படத்தின் வெளிச்சம் கூடிக் குறைவதில் அந்தத் தாளத்தைத் தேடலாம்.

தேடுவதில்தான் தலைவலி. 2 வினாடிக்கு ஒரு படம் எடுக்கும்போது, வினாடிக்கு ஒருதரம் அடிக்கும் இதயத்துடிப்பு மெதுவான அலை மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே கலந்துவிடும். அதனால் விரலில் ஒரு கிளிப், வயிற்றில் ஒரு பெல்ட் மாட்டி, துடிப்பையும் மூச்சையும் தனியே பதிந்து, அப்புறம் கழிப்பார்கள். தலை லேசாக அசைந்தாலும் போச்சு.

குழாய்ச் சுவரைச் சோதிக்க இன்னொரு வழி, ஸ்கேன் எடுக்கும்போது மூச்சை அடக்கச் சொல்வது. ரத்தத்தில் கரியமில வாயு கூடும், குழாய் விரியும். வருஷக்கணக்கான பி.பி.யால் விறைத்த குழாய் அவ்வளவாக விரியாது.

இதைப் படித்துவிட்டு "எனக்கும் அதை எடுங்க" என்று வந்துவிடாதீர்கள். இது இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கான முறை. உங்கள் தாளம் சரியா தப்பா என்று சொல்ல எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் கிடையாது. வழக்கமான ஸ்கேனுக்கு வருகிறவர்கள் அரைஞாண் கொடி, தாயத்து எல்லாம் கழற்றிவிடுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பி.பி. மாத்திரையை மட்டும் அன்றைக்கும் வழக்கம்போல் போட்டுக்கொண்டே வரலாம்.