பழைய பாணி காட்டேஜ்ல ராத்திரி தங்கறவங்க கணப்பு விஷயத்துல கவனிக்க வேண்டியது

திறந்தவெளி மியூசியம்ங்கறது 1891ல ஆர்தர் ஹசேலியுஸ் ஸ்டாக்ஹோம்ல ஆரம்பிச்ச ஸ்கான்சென் காலத்துல இருந்தே ஒரே ஐடியாதான், பழைய வீடுகள பிரிச்சு எடுத்துட்டு வந்து திரும்ப நிறுத்தி உள்ள அந்தக் காலத்து வாழ்க்கைய காட்டறது. இப்போ சில மியூசியங்கள்ல அதே பாணி காட்டேஜ்ல ராத்திரி தங்கவும் விடறாங்க. ரொம்ப நல்ல விஷயம், போங்கன்னுதான் சொல்வேன். ஆனா ஃபயர் சேஃப்டி பாக்கற எங்களுக்கு, ஒரு வீட்டுல ஆளுங்க தூங்கறாங்கன்னாலே கணக்கு வேற. பகல்ல பாக்க வர்றவங்க புகை வந்தா உடனே வெளிய வந்துடுவாங்க, தூங்கறவங்களுக்கு புகை வாசனைகூட முழிப்பு கொடுக்காது.

நான் அதிகமா பயப்படறது நெருப்புக்கு இல்ல, விறகு எரியறப்போ வர்ற கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயுவுக்கு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ரத்தத்துல ஆக்சிஜன விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். கணப்புல விறகு எரிச்சுட்டு ராத்திரி குளிருதேன்னு ஜன்னல் இடுக்கு, சுவத்துல இருக்கற காத்து ஓட்டை எல்லாத்தையும் துணி வச்சு அடைக்கறாங்க, சூடு வெளிய போகக்கூடாதுன்னு தணல் இருக்கும்போதே புகைபோக்கியோட மூடியையும் சாத்திடறாங்க. தயவுசெஞ்சு இத பண்ணாதீங்க. தீ ஜுவாலை போனாலும் தணல் அந்த வாயுவ விட்டுக்கிட்டேதான் இருக்கும்.

இன்னொண்ணு நிறைய பேருக்கு தெரியறதில்ல, ஸ்மோக் அலாரம் இந்த வாயுவ கண்டுபிடிக்காது, அதுக்கு தனி அலாரம் வேணும். அது கணப்பு இருக்கற ரூம்லயே இருக்கான்னு புக் பண்றப்பவே கேளுங்க, போனதும் டெஸ்ட் பட்டன அமுக்கிப் பாருங்க. போட்டோல பழைய லுக் கெடுதுன்னு கழட்டி வைக்கறவங்கள பாத்தா எனக்கு உண்மையிலேயே மனசு பதறும்.

சாம்பலுக்குள்ள கங்கு நாள் கணக்குல உயிரோட இருக்கும், அதனால மூடி போட்ட இரும்பு வாளியில அள்ளி வீட்டுக்கு வெளிய, மரத்தரை இல்லாத இடத்துல வைங்க. கூரை வைக்கோலோ நாணலோன்னா மெழுகுவத்திய பக்கத்துலகூட கொண்டு போகாதீங்க, பேட்டரி விளக்கு போதும். 1949 ஜனவரி 26ல ஜப்பான்ல ஹோர்யூஜி கோயில்ல தீப்பிடிச்சு பழமையான சுவரோவியங்கள் கருகிப்போச்சு, அதனாலதான் அந்த நாள அங்க கலாசாரச் சொத்துகளோட தீத்தடுப்பு நாளா வச்சிருக்காங்க. எரிஞ்சத திரும்ப செய்ய முடியாது.

மாடிப்படி செங்குத்தா, கதவு குட்டையா இருக்கும், அதனால வெளிச்சம் இருக்கும்போதே குழந்தைங்களோட ஒரு தடவை வெளிய போற வழிய நடந்து பாருங்க, டார்ச்சும் செருப்பும் கட்டில் பக்கத்துலயே இருக்கட்டும்.

ராத்திரி ஒரே ரூம்ல ரெண்டு மூணு பேருக்கு ஒரே நேரத்துல தலைவலி, குமட்டல், தலைசுத்தல்னா ஜுரம்னு நினைச்சு படுத்துடாதீங்க. எல்லாரையும் எழுப்பி வெளிய கூட்டிட்டு வந்துட்டு அப்புறமா அவசர நம்பருக்கு போன் பண்ணுங்க, ஏதாவது எடுக்கணும்னு திரும்ப உள்ள போகவே வேண்டாம்.