தீ அணைந்த பிறகும் ஆழமாகும் காயம்

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "இட்லிக் குண்டானைத் திறந்தபோது ஆவி மணிக்கட்டில் அடித்துவிட்டது. மாமியார் உடனே ஃப்ரிட்ஜில் இருந்த இட்லி மாவை எடுத்துப் பூசினார். எரிச்சல் அடங்கியது. ஆனால் மூன்றாம் நாள் காயம் முதல் நாளைவிட மோசமாகத் தெரிந்தது. மாவினாலா?"

ஆவி ஏன் கொதிநீரைவிட அதிகம் சுடுகிறது என்பது பள்ளியில் படித்ததுதான். ஒரு கிராம் ஆவி தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போதே சுமார் 540 கலோரியை இறக்கிவிடுகிறது. அப்புறம்தான் அந்தத் தண்ணீர் ஆறவே தொடங்கும். எத்தனை டிகிரி என்பதைப் போலவே எவ்வளவு நேரம் என்பதும் முக்கியம். மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் 1947-இல் இதை அளந்து பார்த்தார்கள். 44 டிகிரி சூடு தோலைக் கொல்ல ஏறக்குறைய 6 மணி நேரம் எடுக்கும். 60 டிகிரிக்கு 5 விநாடி போதும்.

சரி, மூன்றாம் நாளுக்கு வருவோம். எனக்கு அலுக்காத விஷயம் இதுதான்.

டக்ளஸ் ஜாக்சன் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் 1953-இல் வெளியிட்ட கட்டுரையில், தீக்காயத்தை ஒன்றுக்குள் ஒன்றான மூன்று வட்டங்களாகப் பார்த்தார். நடுவட்டத்தில் புரதங்கள் அவித்த முட்டைபோல உறைந்துவிட்டன. அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. வெளிவட்டம் சிவந்திருக்கும், ரத்தம் நன்றாக ஓடுவதால் தானாக ஆறிவிடும். இரண்டுக்கும் இடையில் இருப்பது தேக்க வட்டம். அங்கே செல்கள் செத்துவிடவில்லை, பிழைத்தும்விடவில்லை. நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவர் அடிபட்டு நீர் வெளியே கசிகிறது. உள்ளே ரத்தம் கெட்டிப்பட்டு, தட்டணுக்களும் வெள்ளணுக்களும் ஒட்டிக்கொண்டு, குழாய் கொஞ்சம் கொஞ்சமாக அடைபடுகிறது. ஓட்டம் நின்றால் அடுத்த ஒன்றிரண்டு நாளில் இந்த வட்டமும் நடுவட்டத்தோடு சேர்ந்துவிடும். சுட்ட பொருள் எப்போதோ போய்விட்டது, காயம் மட்டும் இன்னும் ஆழமாகிக்கொண்டிருக்கிறது. வாசகி பார்த்தது அநேகமாக இதைத்தான். "இரண்டு நாள் போகட்டும், அப்புறம் சொல்கிறேன்" என்று மருத்துவர் இழுப்பதும் இதனால்தான்.

ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டச் சொல்வது இந்தத் தேக்க வட்டத்துக்காக. வெப்பத்தை வெளியேற்றத்தான் தண்ணீர் என்றால் இரண்டு நிமிடம் போதுமே! சுட்டு 3 மணி நேரம் வரைக்கும்கூடத் தண்ணீர் பலன் தருகிறது. அதற்குள் தோலில் இருந்த சூடு எப்போதோ ஆறியிருக்கும். குளிர்ச்சி அழற்சியைத் தணிக்கிறது, கசிவையும் வீக்கத்தையும் குறைக்கிறது. அதற்காக ஐஸ் வைத்துவிடாதீர்கள். ஐஸ் குழாய்களைச் சுருக்கி, இருக்கிற கொஞ்ச ஓட்டத்தையும் நிறுத்திவிடும்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு சிக்கல். மே மாத மதியத்தில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரே கையைச் சுடும். அப்போது கேன் தண்ணீரையோ சம்ப் தண்ணீரையோ குவளை குவளையாக ஊற்றலாம். கை வீங்குவதற்குள் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. உருகி ஒட்டிய நைலான் துணியைப் பிய்க்கக் கூடாது. சுத்தமான பருத்தித் துணியால் லேசாக மூடினால் போதும்.

உடம்பில் பெரும்பகுதி வெந்துவிட்டால் விஷயமே வேறு. கசிவு காயத்தோடு நிற்காமல் உடல் முழுக்கப் பரவி, ரத்த அழுத்தம் விழுந்துவிடும். 108-ஐ அழையுங்கள், நீண்ட நேரம் தண்ணீர் ஊற்றிக் குளிரவும் விடாதீர்கள். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை போன்ற தீக்காயப் பிரிவுகளில் முதல் வேலைகளில் ஒன்று, ரத்தக் குழாய் வழியே திரவம் ஏற்றுவது. அதற்கு ஒரு பெருக்கல் கணக்கு உண்டு: எடை கிலோவில், வெந்த பரப்பு சதவீதத்தில், இரண்டையும் பெருக்கி 4 மில்லிலிட்டரால் பெருக்க வேண்டும். 60 கிலோ ஆள், 30 சதவீதக் காயம் என்றால் முதல் நாளுக்கு 7,200 மில்லிலிட்டர். அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். அந்த 8 மணி நேரம் சுட்ட நொடியிலிருந்து கணக்கு. பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசலில் போன நேரமும் அதில் அடக்கம்.

பிறகு தோல் ஒட்டுதல். உடம்பில் எடுக்கத் தோல் மிஞ்சாதவர்களுக்கு, இறந்தவர் தானம் செய்த தோல் சில வாரங்களுக்குத் தற்காலிகப் போர்வையாக இருக்கும். கண் தானத்துக்குத் தயங்காமல் கையெழுத்துப் போடும் நம் ஊரில் தோல் தானம் என்றால் முகம் சுளிக்கிறார்கள். முழுத்தோலையும் உரிப்பதில்லை, மெல்லிய மேலடுக்கு மட்டும்தான். தீக்காயம் பெரும்பாலும் ஏழை வீட்டு அடுப்படியில் நடக்கிறது. ஆராய்ச்சிப் பணம் அந்தப் பக்கம் திரும்பாததற்கு எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

மாவு கதை பாக்கி. எரிச்சல் அடங்கியது ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியால். எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் இங்க் புட்டி, இப்போது டூத்பேஸ்ட். எல்லாம் ஒரே ரகம். காயத்தை ஆழமாக்கியது மாவு இல்லைதான். ஆனால் தண்ணீர் ஓட வேண்டிய 20 நிமிடத்தை அது எடுத்துக்கொண்டது. போதாததற்கு, நொதித்த மாவு நுண்ணுயிர்களின் ஊர். மருத்துவர் காயத்தை விரலால் அழுத்தி, வெளுத்த இடம் மறுபடி சிவக்கிறதா என்று பார்த்துத்தான் அங்கே ஓட்டம் இருக்கிறதா என்று கணிக்கிறார். அதைப் பார்க்க, காய்ந்துபோன மாவை முதலில் சுரண்டியாக வேண்டும்.