‘ஃபார்மல்’ – முறையும் ஒப்புக்கும்

‘ஃபார்மல்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர் ‘ஃபோர்மா’ என்ற இலத்தீன் சொல். அதற்கு வடிவம், வார்ப்பு என்று பொருள். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது இது மெய்யியலாரின் கலைச்சொல்லாக இருந்தது: வெண்கலச் சிலையில் வெண்கலம் மூலப்பொருள் என்றும், அதைச் சிலையாக்குவது வடிவம் என்றும் அரிஸ்டாட்டில் வழியில் பிரித்துப் பேசியவர்கள், வடிவத்தைச் சார்ந்ததை ‘ஃபார்மல்’ என்றனர். ஃபார்முலா, யூனிஃபார்ம் ஆகியவையும் இதே வேரில் கிளைத்தவை. உடல்களைப் பதப்படுத்தும் வேதிக் கரைசலான ஃபார்மலின் மட்டும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது எறும்பைக் குறிக்கும் ‘ஃபோர்மிகா’விலிருந்து வந்தது.

வகுத்த வடிவத்துக்கு உட்பட்டது என்ற பொருள், விதிப்படி நடப்பது என்று விரிந்தது. அதிலிருந்து, வடிவம் மட்டும் எஞ்சி உள்ளீடு இல்லாதது என்ற இளக்காரமும் பிறந்தது. ‘ஃபார்மாலிட்டி’யில் இவ்விரண்டும் அருகருகே வாழ்வதால் தமிழில் ஒரே சொல்லால் அதைப் பெயர்த்துவிட முடியாது.

பலரும் கையாளும் ‘சம்பிரதாயம்’ எனக்கு நிறைவளிக்கவில்லை. வழிவழியாகக் கையளிக்கப்பட்டது என்பதே அவ்வடசொல்லின் பொருளாதலால், நேற்று அச்சிட்ட விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்கு அது பொருந்தாது. அங்கே ‘நடைமுறை’ போதும். கல்வி, தொழில் போன்ற துறைகளில் முறைசார், முறைசாரா என்பவை நன்கு வேரூன்றிவிட்டன. அலுவலகத்துக்கு அணியும் ‘ஃபார்மல்’ சட்டையை ‘முறைசார் சட்டை’ என்றால் சிரிப்புத்தான் வரும். அலுவலக உடை என்பதே தெளிவு.

‘முறை’ இதற்கு நன்கு இடங்கொடுக்கும் சொல்தான். ‘முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்’ என்ற குறளில் அது நீதி, ‘மாமன் முறை’யில் உறவு, தென்மாவட்டங்களில் விசேஷ வீட்டுக்குச் செய்யவேண்டியதும் திருப்பிச் செய்யவேண்டியதும் ‘செய்முறை’. ஆயினும் இவை எவற்றிலும் வெறும் தோற்றம் என்ற ஏளனம் இல்லை. அதற்குப் பேச்சுத் தமிழிலேயே ‘பேருக்கு’, ‘கடமைக்கு’, ‘ஒப்புக்கு’ என்பன உள்ளன. ஆட்டத்தில் கணக்கில் வராமல் சேர்த்துக்கொள்ளப்படும் குழந்தையை ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்பது இவ்வகைதான். ஆகவே ‘அது வெறும் ஃபார்மாலிட்டி’ என்பதை ‘அது வெறும் முறைமை’ என்று பெயர்ப்பதைவிட ‘அது ஒப்புக்குத்தான்’ என்று எழுதுவதே பொருந்தும்.