புல்லை மேயவிட்டால்தான் நீலன் பறக்கும்

லண்டனில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். கோடையில் பட்டாம்பூச்சி பார்க்கலாம் என்று பிள்ளைகளோடு சர்ரே பக்கத்துச் சுண்ணாம்புக் குன்று ஒன்றுக்குப் போயிருக்கிறார். இயற்கைக் காப்பிடம் என்று பலகை வைத்திருக்கிறார்கள், உள்ளே பார்த்தால் மாடுகள் மேய்கின்றன, பாதிச் சரிவில் புல் கட்டைவிரல் உயரம்கூட இல்லை. "பூவையும் புல்லையும் மாட்டுக்குக் கொடுத்துவிட்டு இது என்ன பாதுகாப்பு?" என்று கேட்கிறார். நியாயமான சந்தேகம்தான். இங்கிலாந்தின் பூச்சி ஆர்வலர்களுக்கே இதற்கு விடை தெரியாமல் இருந்த காலம் உண்டு. தெரிய வந்தபோது ஒரு பட்டாம்பூச்சி அந்த நாட்டிலிருந்தே போய்விட்டிருந்தது.

முதலில் மண். தென்கிழக்கு இங்கிலாந்தின் நார்த் டவுன்ஸ், சவுத் டவுன்ஸ் குன்றுகள் எல்லாம் பழங்காலக் கடலின் நுண்ணுயிர் ஓடுகள் படிந்து உருவான, சாக் என்ற வெள்ளைச் சுண்ணாம்பு. மேலே மெல்லிய மண், சத்து குறைவு, தண்ணீர் நிற்காது. சத்து குறைவாக இருப்பதால் எந்த ஒரு புல்லும் கொழுத்து வளர்ந்து மற்றதை அமுக்கிவிட முடிவதில்லை. நல்ல இடத்தில் ஒரு சதுர மீட்டருக்குள் 40 வகைச் செடிகள்வரை இருக்கும். ஆனால் மேய்ச்சல் நின்றால் சில ஆண்டுகளில் முரட்டுப் புல்லும் அப்புறம் புதரும் ஏறிவிடும். ஆடும் மாடும் முயலும் நூற்றாண்டுக் கணக்கில் கொறித்துக் கொறித்து வைத்திருந்த நிலம் அது.

சரி, புல் உயர்ந்தால் பட்டாம்பூச்சிக்கு என்ன? இங்கேதான் எறும்பு வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

லார்ஜ் புளூ என்ற பெரிய நீலன் பட்டாம்பூச்சியை எடுத்துக்கொள்வோம். ஜூன் மாதத்தில் தாய்ப்பூச்சி காட்டு தைம் செடியின் மொட்டுகளில் முட்டையிடும். புழு பொரிந்து வந்து இரண்டு மூன்று வாரம் பூவைத் தின்னும். கடைசித் தோலை உரித்ததும் பூவை விட்டுவிட்டுப் பொத்தென்று தரையில் விழும், அதுவும் பெரும்பாலும் மாலை நேரத்தில். மிர்மிகா என்ற சிவப்பு எறும்புகள் இரை தேடி அதிகம் அலைவது அந்த நேரத்தில்தான். அப்போது புழுவின் நீளம் நாலு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். எறும்பு வந்து தன் உணர்கொம்பால் தட்டும், புழு முதுகிலுள்ள சுரப்பியிலிருந்து ஒரு சொட்டு இனிப்பு நீரை விடும், எறும்பு குடிக்கும், மறுபடி தட்டும். இது சில நேரம் மணிக்கணக்கில் நடக்கும். பிறகு புழு திடீரென்று உடம்பின் முன்பகுதியை உப்ப வைத்து நிமிர்ந்துகொள்ளும். எறும்புக்கு அது தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும், கூட்டிலிருந்து தவறி வந்துவிட்ட தன் சொந்தக் குஞ்சு மாதிரியே இருக்கும். வாயில் கவ்வித் தூக்கிக்கொண்டு நேராகப் புற்றுக்குள் போய்விடும்.

காக்கைக் கூட்டில் குயில் வளர்கிற கதைதான், ஆனால் குயிலைவிட இது கொடூரம். உள்ளே போன புழு ஒன்பது பத்து மாதம் இருட்டில் எறும்புக் குஞ்சுகளைத் தின்றே வளர்கிறது; தன் முழு எடையில் 98 சதவீதத்துக்கும் மேல் அங்கேதான் சேர்க்கிறது. இதே குடும்பத்து இன்னொரு நீலனை ஆராய்ந்தவர்கள் 2009இல் இன்னும் ஒன்றைக் காட்டினார்கள்: புழுவும் கூட்டுப்புழுவும் எழுப்பும் மெல்லிய ஒலி ராணி எறும்பின் ஒலியை ஒத்திருக்கிறது. அந்த ஒலியைப் பதிவு செய்து போட்டுக் காட்டியதும் வேலைக்கார எறும்புகள் ராணிக்குக் காவல் நிற்பதுபோல வந்து நின்றன! மணத்தாலும் தொடுகையாலும் ஒலியாலும் ஏமாற்றும் ஒரு புழு. இதைப் படித்த நாளிலிருந்து எறும்புப் புற்றைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே யார் இருக்கிறாரோ என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

ஆனால் இந்த ஏமாற்று வேலை எல்லா எறும்பிடமும் செல்லாது. மிர்மிகாவில் பல இனங்கள் உண்டு, எதுவும் புழுவைத் தூக்கிப் போகும், ஆனால் இங்கிலாந்தில் மிர்மிகா சபுலெட்டி என்ற இனத்தின் புற்றில்தான் அது ஓரளவு நன்றாகப் பிழைக்கிறது. சபுலெட்டிக்குச் சூடு வேண்டும். புல் மூன்று சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் வெயில் நேராக மண்ணில் விழும், புற்று சூடாகும். புல் கொஞ்சம் உயர்ந்தாலே நிழல் விழுந்து மண்ணின் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி இறங்கிவிடும், குளிர் தாங்கும் வேறு மிர்மிகா வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தைம் செடி இருக்கும், பூ இருக்கும், முட்டை இருக்கும், புழு விழும், எறும்பு தூக்கியும் போகும், ஆனால் தப்பான வீட்டுக்கு.

இது தெரியாத காலத்தில் பட்டாம்பூச்சி குறைவதற்குப் பூச்சி சேகரிப்பவர்கள்தான் காரணம் என்று நினைத்தார்கள். வேலி போட்டார்கள். வேலி சேகரிப்பவரோடு மாட்டையும் தடுத்தது. 1953இல் மிக்சோமடோசிஸ் என்ற நோய் வந்து முயல்களில் பெரும்பகுதி செத்துப்போக, கொறிக்க ஆளில்லாமல் புல் உயர்ந்தது. ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் 1970களில் டெவன் பகுதியில் மிஞ்சியிருந்த கடைசிக் கூட்டத்தருகே கோடைக்குக் கோடை தங்கி, முட்டையையும் புழுவையும் எறும்பையும் எண்ணி எண்ணித்தான் இந்தச் சங்கிலியைக் கண்டுபிடித்தார். அதற்குள் 1975, 1976 வறட்சிகளும் சேர்ந்துகொள்ள, 1979இல் இனம் இங்கிலாந்திலிருந்தே அழிந்துவிட்டது. பிறகு மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்து, 1983 முதல் ஸ்வீடனின் ஓலண்ட் தீவிலிருந்து பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இம்முறை பிழைத்தது.

ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். புல்லில் மண்டியிட்டு எறும்பு எண்ணுகிற வேலைக்குப் பணம் கேட்டால் எந்த நாட்டிலும் முகம் சுளிக்கிறார்கள். மூன்று வருடத்தில் முடிவு காட்டு என்கிறார்கள். மூன்று வருடத்தில் ஒரு நல்ல மழைக்காலமும் ஒரு வறட்சியும்கூட முழுதாகக் கண்ணில் படாது. அதேபோல, மனிதன் கை வைக்காமல் விட்டால் இயற்கை தானே சரியாகிவிடும் என்ற நம்பிக்கையையும் நாம் கொஞ்சம் கைவிட வேண்டும்; சில காட்டுக்கு அது பொருந்தும், இந்தப் புல்வெளிக்குப் பொருந்தாது.

சரி, எங்கே தேடுவது? லார்ஜ் புளூவுக்கு ஜூன் நடுவிலிருந்து ஜூலை தொடக்கம்வரை சாமர்செட்டின் காலர்ட் ஹில். அங்கிருப்பது சாக் அல்ல, வேறு வகைச் சுண்ணாம்புக்கல், ஆனால் கதை ஒன்றுதான். சர்ரேயிலேயே பார்க்க வேண்டுமென்றால் டார்க்கிங் அருகே டென்பீஸ் ஹில்சைட் போங்கள்: அடோனிஸ் புளூ மே கடைசியிலும் ஆகஸ்ட் கடைசியிலும், சாக்ஹில் புளூ ஜூலை, ஆகஸ்டிலும் பறக்கும். இவற்றின் புழுக்களையும் எறும்புகள் காக்கின்றன, ஆனால் இவை இனிப்பு நீரைக் கூலியாகக் கொடுத்துவிடுகின்றன, எறும்புக் குஞ்சைத் தொடுவதில்லை. தெற்கு நோக்கிய சரிவில், ஒட்ட மேய்ந்த புல் உள்ள இடத்தில், குதிரைலாட வெட்ச் என்ற மஞ்சள் பூச்செடியைக் கண்டுபிடித்துவிட்டு அங்கேயே நில்லுங்கள். அதுதான் இரண்டு புழுக்களுக்கும் உணவு. வெயில் இல்லாத நாளில் போகாதீர்கள்.

ஜூலையில் காட்டுப் பக்கம் போனால் முறை வேறு. ஓக் மரத்தலைகளில் பறக்கும் பர்ப்பிள் எம்பரர் பட்டாம்பூச்சியை அண்ணாந்து தேடிக் கழுத்து வலிக்கவேண்டியதில்லை. அதன் புழு தின்பது சாலோ என்ற வில்லோ வகை மரத்தின் இலையை, அந்த மரம் உள்ள காட்டுப் பாதையில் காலை பத்து மணிவாக்கில் தரையைப் பாருங்கள். ஈரச் சேற்றிலும் சாணத்திலும் உப்பு உறிஞ்ச ஆண்பூச்சிகள்தான் பெரும்பாலும் இறங்கும். கருநீல மினுக்கம் ஆணுக்கு மட்டுமே.