ஸ்போர்ட்ஸ் கார் கிளட்ச்: எப்போது மாற்றுவது, எப்போது பொறுப்பது

போன வருஷம் பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் தன் போர்ஷே கேமேன் எஸ் வண்டியைக் கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். 2007 மாடல், ஆறு கியர் மேனுவல், மீட்டரில் 52,000 கிலோமீட்டர். காலையில் நன்றாக ஓடுகிறது, ஒரு மணி நேரம் ஓட்டி வண்டி சூடானதும் முதல் கியரும் ரிவர்ஸும் விழ மறுக்கின்றன என்றார். அதற்கு முன் காட்டிய இடத்தில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், "ஐம்பதாயிரம் தாண்டிருச்சு, கிளட்ச் செட் மாத்திருங்க" என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, மாத்திரலாங்களா? அடுத்த வாரம் வால்பாறை போகணும்" என்று கேட்டார்.

மாற்றவில்லை. இந்த வண்டியில் பிரேக்கும் கிளட்சும் ஒரே டப்பாவிலிருந்துதான் எண்ணெய் எடுத்துக்கொள்கின்றன. கிளட்ச் பக்கத்து நிப்பிளைத் திறந்ததும் கடுங்காப்பி நிறத்தில் வந்தது. பிரேக் பக்கம் எண்ணெய் மாற்றியவர்கள் கிளட்ச் பக்கத்தை மறந்திருக்க வேண்டும். பழைய எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். எஞ்சினும் கியர்பாக்ஸும் சூடாகும்போது அந்த ஈரம் ஆவியாகி, மிதிக்கும் அழுத்தத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். அதனால்தான் காலையில் சரியாக இருந்தது, மதியம் முரண்டு பிடித்தது. புது டாட் 4 பிரேக் எண்ணெய் ஊற்றி, குழாயில் காற்று நிற்காதபடி பழையதை வெளியேற்றி பிளீட் செய்தோம். கியர் வெண்ணெயாக விழுந்தது. பிளேட் எந்த நிலையில் இருக்கிறது என்று தனியாகச் சோதித்தோம், அதுவும் நன்றாகவே பிடித்தது. வால்பாறை போய் வந்தார்.

இந்த ஒரு குழப்பத்தால் கழற்றப்படும் நல்ல கிளட்ச்சுகள் ஏராளம். கிளட்ச்சுக்கு இரண்டே வேலை: எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துப் பிடிப்பது, பெடலை மிதித்தால் விடுவது. தேய்ந்த பிளேட் பிடிக்காது. கியர் விழவில்லை, ரிவர்ஸ் போட்டால் 'கர்ர்' என்று அரைக்கிறது, கிளட்ச்சை முழுக்க மிதித்தும் வண்டி முன்னால் நகரப் பார்க்கிறது என்றால் அது விடாத கிளட்ச். விடாததற்கான காரணம் பெரும்பாலும் எண்ணெய், பெடல் பக்கம் அதை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்கம் அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் இவற்றில்தான் இருக்கும். பெடலுக்கு மேலே கையை விட்டுத் தடவிப் பாருங்கள், ஈரம் இருந்தால் மாஸ்டர் சிலிண்டர் ஒழுகுகிறது. ஸ்லேவ் சிலிண்டர் வெளியே இருக்கும் வண்டிகளில் அதன் ரப்பர் உறையை லேசாக நீக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் இதையெல்லாம் பார்த்துவிடுவது அரை மணி நேர வேலை.

சரி, பிடிக்காத கிளட்ச்சை எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் ஊரில் பலரும் மாருதி 800 மாதிரி கேபிள் கிளட்ச் வண்டியில் ஓட்டிப் பழகியவர்கள். அதில் பிளேட் தேயத் தேய கிளட்ச் மேலே மேலே பிடிக்கும். பெடலின் உச்சியில் வந்து பிடித்தால் பிளேட் முடிந்தது என்று ஓட்டுநருக்கே தெரியும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் அப்படி நேராகச் சொல்லாது. தேய்மானத்தை எண்ணெயே ஈடுகட்டிவிடுவதால் பிடிக்கும் இடம் பெரிதாக மாறாது. பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கனக்கும், ஆனால் தினமும் ஓட்டுகிறவர் காலுக்கு அது பழகிவிடும். பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பாகமான பிரஷர் பிளேட், தேய்மானத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வகையாக இருக்கும் வண்டிகளில் அந்தக் கனமும் கூடாது.

இன்னொரு விஷயம், பிரஷர் பிளேட்டுக்கு அழுத்தம் கொடுக்கும் டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் குணம். பிளேட் தேய ஆரம்பிக்கும்போது அதன் அழுத்தம் குறையாது, முதலில் லேசாகக் கூடவே செய்யும். பாதி வழி தாண்டிய பிறகுதான் இறங்கும். அதனால்தான் வருஷக்கணக்கில் கல் போலப் பிடித்த கிளட்ச் ஒரே மாதத்தில் வழுக்க ஆரம்பிக்கிறது. "போன மாசம் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்று வருகிறவர்கள் பொய் சொல்வதில்லை.

வழுக்கலைச் சோதிக்க வழக்கமாகச் செய்வது ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, மூன்றாம் கியரில் கிளட்ச்சை விட்டு, எஞ்சின் அணைகிறதா என்று பார்ப்பது. அணைந்தால் கிளட்ச் நல்லது என்பார்கள். எனக்கு இந்தச் சோதனையில் நம்பிக்கை இல்லை. முழுக்கச் செத்த கிளட்ச்சைத்தான் இது காட்டும். பாதி உயிரோடு இருப்பது இதில் சுலபமாகத் தேறிவிடும்.

கிளட்ச் முதலில் தோற்பது எஞ்சினின் டார்க், அதாவது முறுக்கு விசை, உச்சத்தில் இருக்கும்போது. ஆகவே அந்த உச்சம் எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்றில்) வருகிறது என்று தெரிந்துகொண்டு சோதிக்க வேண்டும். டர்போ பெட்ரோல் என்றால் சுலபம். 2004-ல் இங்கே வந்த ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் 1.8 லிட்டர் டர்போ எஞ்சின், 210 நியூட்டன் மீட்டர் டார்க் 1,750 ஆர்பிஎம்மிலேயே முழுதாக வந்துவிடும். நான்காவது அல்லது ஐந்தாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் சீராகப் போய், ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் போதும். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளி மேலே போனால் பிளேட் வழுக்குகிறது. கேமேன் எஸ் போன்ற டர்போ இல்லாத வண்டியில் இதே சோதனையை 2,000-ல் செய்தால் தேய்ந்த கிளட்ச்கூடப் பாஸாகிவிடும். 340 நியூட்டன் மீட்டர் வர 4,400 ஆர்பிஎம் தாண்ட வேண்டும். அதற்கு மூன்றாம் கியரில் 4,500 வரை போக வேண்டும், ஏற்றமாக இருந்தால் இன்னும் நல்லது. நான் விடியற்காலையில், வண்டி நடமாட்டம் இல்லாத நேராக ஏறும் ரோட்டில், முள்ளைப் பார்க்கப் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டுதான் இதைச் செய்வேன். ஓட்டுகிறவர் கண் ரோட்டில் இருக்க வேண்டும். ஒரு தடவை வழுக்கியது தெரிந்ததும் காலை எடுத்துவிட வேண்டும். நிச்சயப்படுத்திக்கொள்கிறேன் என்று நான்கு தடவை செய்தால், அந்தச் சோதனையே பிளேட்டைக் கருக்கிவிடும்.

வழுக்குகிறது என்று தெரிந்த பிறகு நாள் கடத்துவதைத்தான் எல்லோரும் தவிர்க்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். இதை ஒரு வண்டியை வைத்தே சொல்கிறேன்.

மேலே சொன்ன அதே ஆக்டேவியா ஆர்எஸ் ஒன்று எங்களிடம் வந்தது. வெளியில் எங்கேயோ எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி, அதாவது ரீமேப் செய்து, டார்க் 280 வாக்கில் ஏற்றியிருந்தார்கள். 210-க்குக் கணக்குப் போட்டுச் செய்த கிளட்ச் அது. நல்ல நிலையில் இருக்கும்வரை தாங்கும், தேய்ந்ததும் தாங்காது. வைத்திருந்த தம்பிக்கு 23 வயதுதான் இருக்கும், அப்பாவின் வண்டியை ஆசை ஆசையாகப் பார்த்துக்கொள்கிறவர். ஐந்தாவது கியரில் முள் துள்ளுவதை அவரே கவனித்திருக்கிறார். முழுக்க மிதிக்காமல் ஓட்டினால் வழுக்கவில்லை என்பதால், காசு சேரும்வரை அப்படியே நான்கு மாதம் ஓட்டியிருக்கிறார். மெதுவாக ஓட்டினால் தேயாது என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டார்.

கியர்பாக்ஸை இறக்கியதும் உள்ளே கறுப்புத் தூள் கைப்பிடி அளவு இருந்தது. கருகிய நாற்றம் பட்டறை முழுக்கப் பரவியது. பிளேட்டில் உராய்ந்து பிடிக்கும் மேல்பட்டையான லைனிங் ரிவெட் தலை மட்டத்துக்குத் தேய்ந்து, ஒரு பக்கம் ரிவெட்டுகளே எஞ்சினோடு சுற்றும் சக்கரமான ஃப்ளைவீலில் உரசியிருந்தன. ஃப்ளைவீலின் முகத்தில் விரல் நகம் மாட்டும் ஆழத்துக்கு வட்டக் கோடுகள். இடையிடையே மயில் கழுத்து நிறத்தில் நீலத் திட்டுகள், சூட்டில் இரும்பின் குணம் மாறிய இடங்கள் அவை. அவற்றைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள். அந்த ஃப்ளைவீல் இரட்டை எடை வகை, அதாவது இரண்டு பகுதிகளாக இருக்கும், நடுவே ஸ்பிரிங்குகள் இருக்கும். சூட்டில் அதன் கிரீஸ் உருகி வெளியே தெறித்திருந்தது. கையால் ஆட்டினால் இரண்டு பகுதிகளும் தளர்ந்து ஆடின.

சாதாரண ஒற்றை ஃப்ளைவீலாக இருந்தால் லேத்தில் கொடுத்து முகம் எடுத்திருக்கலாம். கோயம்புத்தூரில் அதற்குக் கைதேர்ந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். இரட்டை எடை ஃப்ளைவீலில் நான் அதைச் செய்ய மாட்டேன். புதிது வாங்க வேண்டியதாயிற்று. கிளட்ச் செட்டைவிட அதன் விலை அதிகம். வழுக்க ஆரம்பித்த வாரமே வந்திருந்தால் பிளேட், பிரஷர் பிளேட், மிதிக்கும்போது கிளட்ச்சைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றோடு முடிந்திருக்கும். அந்தத் தம்பி முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

வழுக்கல் தானாக நிற்காது. வழுக்கினால் சூடு வரும், சூட்டில் லைனிங் கண்ணாடி மாதிரி இறுகும், இறுகியது இன்னும் வழுக்கும். மெதுவாக ஓட்டினால் இந்தச் சுற்று கொஞ்சம் தாமதமாகச் சுற்றும், அவ்வளவுதான். அது மட்டுமில்லை, ஓவர்டேக் செய்ய லாரிக்குப் பக்கத்தில் போனபிறகு வண்டி இழுக்காமல் போவது உயிர் ஆபத்து.

வேறு அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறேன். மிதிக்கும்போது மட்டும் சத்தம் என்றால் ரிலீஸ் பேரிங். பெடலை விட்டிருக்கும்போது சத்தம் வந்து மிதித்தால் நின்றால் கியர்பாக்ஸின் உள்ளே போகும் ஷாஃப்ட் பேரிங், அதற்குக் கிளட்ச் மாற்றிப் பயனில்லை. எஞ்சினை அணைக்கும்போது 'கடகட' என்றால் இரட்டை எடை ஃப்ளைவீலைச் சந்தேகிக்கலாம். வண்டியை எடுக்கும்போது உதறினால் எஞ்சின் மவுண்ட்டை முதலில் பாருங்கள். பிளேட் தடிமனாக இருந்தும் வழுக்கினால், எஞ்சினின் பின்பக்க சீல் ஒழுகி லைனிங்கில் எண்ணெய் ஏறியிருக்கும். எண்ணெய் குடித்த பிளேட்டைப் பெட்ரோலில் கழுவி மாட்டுவது வீண் வேலை.

பிளேட் அரைகுறையாக இருக்கும்போது வேறு காரணத்துக்காகக் கியர்பாக்ஸை இறக்க நேர்ந்தால் என்ன செய்வது? இங்கேதான் நிஜமாகவே யோசிக்க வேண்டியிருக்கிறது. ரிவெட் தலைக்கு மேல் லைனிங் எவ்வளவு நிற்கிறது என்று டெப்த் கேஜ் வைத்து அளப்போம். 0.3 மில்லிமீட்டர் வந்தால் மாற்றியே ஆக வேண்டும் என்பது பல மானுவல்களில் இருக்கும் கணக்கு. ஆனால் கேமேன், பாக்ஸ்டர் மாதிரி நடு எஞ்சின் வண்டியில் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதே ஒரு நாள் வேலை. லைனிங் பாதிக்கும் குறைவாக மிஞ்சியிருந்தால் மாற்றிவிடுங்கள் என்பேன், அதே லேபரை இரண்டு தடவை கொடுக்க வேண்டாம். தண்ணீரால் குளிரும் எஞ்சினோடு 2005 வரை வந்த போர்ஷே பாக்ஸ்டர், 911 என்றால் இன்னொரு காரியமும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றில் எஞ்சினின் இடை ஷாஃப்ட் பேரிங்கைக் கிளட்ச் கழற்றியிருக்கும்போதே மாற்ற முடியும். 2006-லிருந்து பெரிய பேரிங் வந்துவிட்டது, எஞ்சினைப் பிரிக்காமல் அதை எடுக்க முடியாது. பின்பக்க சீலை இரண்டு வகையிலும் பார்த்துவிட வேண்டும்.

பழைய பிளேட்டுக்கு லைனிங் ஒட்டி ரிவெட் அடித்துத் தருகிறார்கள், அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சரக்கு வண்டிக்கு ஓடலாம். 7,000 ஆர்பிஎம் சுற்றும் எஞ்சினில், களைத்துப்போன ஸ்பிரிங்குகளோடு, பேலன்ஸ் பார்க்காத பிளேட்டை நான் மாட்ட மாட்டேன். பட்டறைத் தம்பிகளுக்கு ஒன்று: அந்தக் கறுப்புத் தூளை ஏர் வைத்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள், மாஸ்க் போடுங்கள்.

மலை ஏறினால் கிளட்ச் போய்விடும் என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, ஒழுங்காகக் கியர் மாற்றி ஏறினால் பிளேட்டுக்கு ஒன்றும் ஆகாது. தேய்ப்பது மே மாத சீசனில் குன்னூர் பாதையில் வரிசையில் நிற்கும்போது பிரேக் பிடிக்காமல் ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியை நிறுத்தி வைப்பது. அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்டிலிருந்து ரிவர்ஸில் ஏற்றுவது இன்னும் மோசம். சிக்னலில் 4,000 ஆர்பிஎம் வைத்துக் கிளட்ச்சை விட்டுக் கிளப்பினால், 2,000-ல் விடுவதைவிட நான்கு மடங்கு சூடு பிளேட்டில் இறங்கும். இரண்டு மடங்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

அந்தக் கேமேன் போன மாதம் திரும்பி வந்தது. மீட்டரில் 61,300. "அண்ணா, மூணாவது கியர்ல ஏத்தத்துல முள்ளு ஒரு தடவ துள்ளுச்சுங்க, உடனே கால எடுத்துட்டேன்" என்றார். சோதித்தோம், 4,500-ல் வழுக்கியது. செட்டை வரவழைத்து வைத்துக்கொண்டு கியர்பாக்ஸை இறக்கினோம். லைனிங் ரிவெட்டுக்கு மேல் 0.4 மில்லிமீட்டர் நின்றது. ஃப்ளைவீலின் முகத்தில் கோடு இல்லை, நீலம் இல்லை, ஆட்டமும் அளவுக்குள் இருந்தது, அதையே துடைத்து மாட்டினோம். சீல் மட்டும் புதிது. பழைய பிளேட்டை அவர் கையில் கொடுத்தபோது விரலால் ரிவெட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். புது லைனிங் உட்காரும்வரை, முதல் 800 கிலோமீட்டருக்கு அழுத்தி ஓட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.