ஆன்டகோனிஸ்ட் என்றால் மறிப்பி

கிரேக்கத்தில் 'ஆகோன்' என்றால் போட்டி. எதிரே நின்று போட்டியிடுபவர்தான் ஆன்டகோனிஸ்ட். சினிமா எழுத்தில் எதிர்நாயகன் என்கிறோம், பொருந்துகிறது. மருந்தியலிலும் அதே கையோடு 'எதிரி' என்று எழுதினால் பொருள் கெட்டுவிடும்.

ரத்த அழுத்தத்துக்குத் தரும் லோசார்டானைப் பாருங்கள். ஆஞ்சியோடென்சின்-2 என்பது 8 அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைடு ஹார்மோன். ரத்தக் குழாயின் செல்லில் ஹார்மோன் வந்து ஒட்டும் இடமான ஏற்பியில் (ரிசெப்டர்) அது போய் அமர்ந்தால் குழாய் சுருங்கும், அழுத்தம் ஏறும். லோசார்டான் இந்த ஹார்மோனைத் தொடுவதே இல்லை. ஏற்பியில் இடம்பிடித்து உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். சாலை மறியல் செய்கிறவர்கள் பேருந்தை உடைக்க வேண்டியதில்லையே! வழிமறித்தல் நம்மிடம் பழகிய சொல். ஏற்பது ஏற்பி என்றால், மறிப்பது மறிப்பி.

'தடுப்பி' போதாதா? போதாது. எனலாப்ரில் அந்த ஹார்மோனை உண்டாக்கும் நொதியையே முடக்குகிறது. தடுப்பி (இன்ஹிபிட்டர்) என்ற பெயரை அதற்கு விட்டுவைக்கலாம். இரண்டும் அழுத்த மாத்திரைகள்தான், வேலை வேறு.

மறிப்பியை முதலில் ஹார்மோனிலிருந்தே செய்து பார்த்தார்கள். அதன் எட்டாம் இடத்து அமினோ அமிலமான பினைல்அலனினை எடுத்துவிட்டு அலனினையும், முதலிடத்தில் சார்கோசினையும் வைத்தால் சரலாசின். ஏற்பியைப் பற்றிக்கொள்ளும், ஆனால் பெரிதாகத் தூண்டாது. அறவே தூண்டாது என்றில்லை, சிலருக்கு அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றியும்விட்டது. ஆக அது அரைகுறை மறிப்பி. பெப்டைடு என்பதால் ஊசியாகத்தான் செலுத்த வேண்டும். பெப்டைடு அல்லாத லோசார்டான் 1995இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, மாத்திரையாகவே வந்தது.

அப்புறம் 'செலக்டிவ் ஆன்டகோனிஸ்ட்', அதாவது ஒரு வகை ஏற்பியை மட்டும் மறிப்பது. ஆஞ்சியோடென்சினுக்கு இரண்டு முக்கிய ஏற்பிகள் உண்டு. சரலாசின் இரண்டிலும் அமரும், லோசார்டான் முதலாவதில் மட்டும். இதைத் 'தேர்ந்த மறிப்பி' என்றால் கைதேர்ந்தது என்று படிப்பார்கள். 'தனியேற்பி மறிப்பி' என்பது என் தேர்வு.

மருந்து தேடும் ஆய்வகத்திலும் மறிப்பிக்கு வேலை உண்டு. சரலாசின் வகை மூலக்கூறு ஒன்றில் கதிரியக்க அயோடினைச் சேர்த்து ஏற்பியில் அமர்த்துவார்கள். பிறகு புதிய பொருளை விட்டு, அது எவ்வளவு மறிப்பியை இடம்பெயர்க்கிறது என்று அளப்பார்கள். கிரேக்கர் சொன்ன போட்டி அங்கே அப்படியே நடக்கிறது.